மாற்றிச் சொன்ன வருஷம்

ஆனி மாசக் கிருத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. காலண்டரில் அந்தத் தேதியை அம்மா மஞ்சள் தொட்டு வட்டம் போட்டு வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் ஒரு வருஷமாகத் தங்கியிருந்த கனடாப் பெண்ணை அன்றைக்கு முருகன் மலைக்கு அழைத்துக்கொண்டு போய் மொட்டை போடுவதாக ஏற்பாடு. புதுப் பாவாடை தாவணி எடுத்தாயிற்று. அரக்கோணத்து அத்தைக்குச் சொல்லியனுப்பியாயிற்று. மொட்டை போட்டுக்கொள்ள வேண்டியவளுக்கு மட்டும் விஷயமே தெரியாது.

அவளுக்குத் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவும் நைனாவும் அவள் மனசார ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொன்னவள் நான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னேன். அது நடந்து அஞ்சு மாசம் ஆகியிருந்தது. அந்தப் பொய்க்குத் தவணை வந்துவிட்டது என்று காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாணவர் பரிமாற்றம் என்று ஒரு திட்டம். அங்கிருந்து ஒருத்தி வந்து இங்கே ஒரு வருஷம் இருந்து படிப்பாள். அடுத்த வருஷம் இங்கிருந்து ஒருத்தி அவள் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் இருப்பாள். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். வருகிறவள் கோதுமை விளைவிக்கிற வீட்டுப் பெண், ஆகையால் இங்கேயும் விவசாய வீடுதான் வேண்டும் என்றதில் நாங்கள் மாட்டினோம். வகுப்பிலேயே நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் வேறு. நன்றாக என்றால், தப்பைத் தைரியமாகப் பேசுவேன். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தது எனக்கு மட்டும். ஆக, அவள் வாயிலிருந்து வருவது என் வழியாகத்தான் அம்மாவுக்குப் போகும். அம்மா சொல்வதும் என் வழியாகத்தான் அவளுக்குப் போகும். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். ஒரு வாய் வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. என் பக்கம் சாய்ந்து, "இதை என்னால் சாப்பிட முடியாது. உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுச் சொல்லிவிடு" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாவாம்?"

"ரொம்ப நல்லா கீதாம், அம்மா."

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தப் பெண்ணுக்குக் களிதான். அவளும் மரியாதைக்கு விழுங்கிக்கொண்டே இருந்தாள், பாவம்.

அம்மா மட்டும் சும்மாவா இருப்பாள்? "இன்னாடி இது, பல்லு வெளக்கிக்கினே தெருவுல போய் நிக்குது? கொஞ்சம் அடக்கமா இருக்கச் சொல்லு" என்பாள். நான் அவளிடம், "காலையில் உன்னைப் பார்த்தால் அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கிறதாம்" என்பேன். மறுநாளிலிருந்து அவள் பல் விளக்கிக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் நடந்து, எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர் மாதிரி நின்று, இரண்டு பக்கமும் நானே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

அதையெல்லாம் நான் பொய் என்று நினைக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதற்கு நான்தான் காரணம் என்று எனக்குள் ஒரு கர்வம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் கனடாவுக்குப் போகிற இடம் எனக்குத்தான் என்று பேச்சு. அவள் மனம் கசந்து ஊருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், அந்த இடம் போய்விடும். அந்தப் பயம் எனக்கு உள்ளூர இருந்துகொண்டே இருந்தது.

தை மாசத்தில் அவளுக்கு டைபாய்டு வந்தது. அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கவே இல்லை. டாக்டர் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுடைய தாய் தகப்பனுக்குத் தந்தி கொடுத்துவிடுவது நல்லது என்றார். நைனா அப்படியே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வராந்தாவுக்குப் போய் வடக்கே, மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

"முருகா, ஊர் பேர் தெரியாத எடத்துல ஒருத்தி பெத்து என்னை நம்பி அனுப்பிக்கிறா. எழுந்து உக்கார வெச்சிடு. மொட்ட போட்டு இட்டுகினு வரேன்."

எங்கள் ஊரில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றவள் பிள்ளையின் முடியை வேண்டிக்கொள்வாள். பிள்ளையைக் கேட்டுக்கொண்டா வேண்டிக்கொள்வார்கள்? என் தலை மூன்று தடவை அப்படிப் போயிருக்கிறது. அம்மா அவளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். அவ்வளவுதான் அம்மா செய்த தப்பு.

நாலு நாள் கழித்து அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அம்மா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நான் வேண்டிக்கினதை அவகிட்ட சொல்ட்டியா? வயசுப் பொண்ணாச்சே, ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

நான் உள்ளே போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தேறி வருகிற நேரத்தில் இதைப் போய்ச் சொல்வதா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்து, "கேட்டேன். ஆங்னு சொல்லிட்டா" என்றேன். அம்மா அழுதுவிட்டாள். "பாரு, பெத்த பொண்ணு நீ, போன தடவை அந்தக் குதி குதிச்ச. இவளைப் பாரு." பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்தப் பிறகு வரவே இல்லை.

மாசம் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிப்போனது. காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. தேன் நிறத்தில் இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. அவள் கண்ணாடி முன்னால் நின்று அழுவாள். செம்பருத்தி இலை அரைத்துத் தேய்த்தாள், வெந்தயம் ஊறவைத்துத் தேய்த்தாள், பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று சின்ன வெங்காயம்கூடத் தேய்த்தாள். சித்திரையில்தான் கொட்டுவது நின்றது. "மிச்சமாவது தங்கியதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அம்மாவோ அதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தாள். "முருகன் ஞாபகப்படுத்தறான். சீக்கிரம் குடுத்துடணும். கடல் தாண்டி எடுத்துகினு போனா அவளுக்கு ஆவாது." அந்த 'ஆவாது' என்ற வார்த்தையை, அவள் உயிருக்கே கெடுதல் என்பது போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். அவளுக்கு அது விளையாட்டில்லை.

ஒன்பது நாள் எட்டாயிற்று, ஏழாயிற்று. நான் குறுக்கு வழி தேடினேன். "அம்மா, பூமுடி குடுத்தாப் போதும்மா. நுனியில கொஞ்சம் வெட்டினா ஆச்சு. பொம்பளைங்க எல்லாம் அப்படித்தான குடுக்கறாங்க" என்றேன்.

"வேண்டிகினது மொட்ட. அவன்கிட்ட போய்ப் பேரம் பேசச் சொல்றியா?"

"முடியெல்லாம் கொட்டி இப்பதானம்மா நின்னுக்குது."

"அவளே ஆங்னு சொன்னாளேடி. உனுக்கு இன்னா வந்துது?"

அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று பம்புசெட்டில் குளிக்கும்போது இரண்டு தரம் ஆரம்பித்தேன். முதல் தரம், "எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது" என்றேன். "உங்கள் வழக்கங்கள் எல்லாம் எனக்குப் பிடிக்கும்" என்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள். இரண்டாம் தரம் அவளுடைய சோப்பை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, காரணமே இல்லாமல் அவளிடம் கத்தினேன். அவள் பேந்தப் பேந்த விழித்தாள். எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. யார் மேல் கோபம் என்பதும் தெரியாது.

அந்த வாரத்தில்தான் அவள் திட்டத்துக்காரர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். நாலு பக்கத் தாள். 'இந்த ஒரு வருடத்தில் நீ எப்படி வளர்ந்திருக்கிறாய்?' என்பதுதான் கேள்வி. சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். தனியாக இருக்கக் கற்றுக்கொண்டாளாம். கையால் சாப்பிட, கிணற்றில் நீந்த, கூட்டத்துக்கு நடுவே தூங்கக் கற்றுக்கொண்டாளாம். கடைசிப் பத்தி இது: 'என் வீட்டில் மனதில் இருப்பதை யாரும் சொல்ல மாட்டோம். இந்த வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் ஒரு தடவைகூட என்னைக் காயப்படுத்தியதில்லை. அதுதான் நான் இங்கிருந்து எடுத்துப்போவது.'

"நன்றாக இருக்கிறதா?" என்றாள்.

"நன்றாக இருக்கிறது."

"நீ எப்படி வளர்ந்தாய், சொல்லேன்."

"ரெண்டு அங்குலம்" என்று எழுந்து போய்விட்டேன். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வருஷமாக அவள் பார்த்தது எங்கள் அம்மாவையே இல்லை, நான் செய்து கொடுத்த ஒரு அம்மாவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவும் அப்படித்தான், நான் செய்து கொடுத்த ஒரு பெண்ணுக்காக நேர்ந்துகொண்டாள்.

கிருத்திகைக்கு மூன்று நாள் முன்பு, மத்தியானம். ஆடிப் பட்டத்துக்கு விதைக்காக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். பின்கட்டில் அம்மா, அவள், நான் மூன்று பேர் மட்டும். அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தை வந்திருந்தது. எல்லாம் சமையல்கட்டில் பொறுக்கியது. ஆங், வேணாம், போதும்மா, வந்துகினு கீறேன். கடைத்தெருவில் இதைச் சொன்னால் ஜனங்கள் கூடிவிடுவார்கள்.

அம்மா அவள் பின்னலை எடுத்து மடியில் போட்டுத் தடவினாள். ஆசை தாங்காமல் நேராகவே பேச ஆரம்பித்தாள். "பாப்பா. கிருத்திக. மலைக்கி." கையால் மலையைக் காட்டினாள். பிறகு தன் தலையில் கையைக் கத்தி மாதிரி வைத்து, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் வழித்துக் காட்டிச் சிரித்தாள். "மொட்ட. ஆங்?"

அவளுக்கு அது பெரிய தமாஷாகத் தோன்றியது. தன் தலையையும் அதே மாதிரி வழித்துக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆங்! ஆங்மா!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? எங்கிட்டயே சொல்லிட்டா."

அப்படியே விட்டிருக்கலாம். என் பொய்க்கு அவள் வாயாலேயே சாட்சி கிடைத்துவிட்டது. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால், மலையில் கத்தி தலையில் படுகிற நேரத்தில் எல்லாம் ஏதோ புரியாமல் நடந்த குழப்பம் என்று ஆகிவிடும், என் மேல் பழி வராது. சத்தியமாக ஒரு நிமிஷம் அதைத்தான் நினைத்தேன். நினைத்ததும் எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது. முறத்தை அப்படியே தள்ளினேன். கொட்டையெல்லாம் தரையில் சிதறியது.

"அவ சொல்லலம்மா! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் அவளைக் கேக்கவே இல்ல. ஆஸ்பத்திரில உங்கிட்ட சொன்னது பொய்."

அதே மூச்சில் அவள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன். உனக்குக் காய்ச்சலாக இருந்தபோது அம்மா உன் முடியைச் சாமிக்கு நேர்ந்துகொண்டாள், முழுவதும், மூன்று நாளில் போட வேண்டும், நீ சம்மதித்துவிட்டாய் என்று நான் சொல்லிவிட்டேன்.

அவள் கை பின்னலுக்குப் போனது. அம்மாவின் மடியிலிருந்து அதை மெல்ல இழுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இன்னும் எதையெல்லாம் மாற்றிச் சொன்னாய்?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மாவும் கேட்டாள். "வேற இன்னான்னாடி சொல்லாம வுட்ட?"

இரண்டு பேரும் ஒருவர் பேசியது ஒருவருக்குப் புரியாமலே ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சொன்னேன். களியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முகம் கறுத்தது. அவள் முகம் சிவந்தது. தெருவில் பல் விளக்கியதைச் சொன்னபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் அவள் சொன்னாள், நான் ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் சொன்னேன். "மாட்டேன்றாம்மா. என் தலை என்னுது, என்னைக் கேக்காம குடுக்கறதுக்கு நீங்க யாருன்னு கேக்கறா."

அம்மா அடி வாங்கியவள் மாதிரிப் பின்னால் சாய்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சிதறிய கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள். "அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் எங்கடி போவேன்?" என்று மட்டும் கேட்டாள். அதையும் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பின்னலை விடவில்லை, தலையை ஆட்டி இல்லை என்றாள். அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதையை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு வருஷம் நான் ஒரு 'இல்லை'யைக்கூட யாரையும் சொல்லவிடாமல் வைத்திருந்தேன்.

சாயங்காலம் நைனா மில்லில் கரும்பு போட்டுவிட்டு வந்ததும் அம்மா அவரிடம் சொன்னாள். "வேண்டிக்கினவ நானு. என் தலையக் குடுத்துட்டு வரேன்." நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். கை கால் கழுவப் போய்விட்டார். அவர் நாலு அடி வைத்திருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருக்கும்.

கிருத்திகையன்று படியேறினோம். கூட்டம் நெருக்கித் தள்ளியது. அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வந்தாள், எங்களுக்குப் பத்துப் படி பின்னால். அரக்கோணத்து அத்தை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "வந்தவளுக்காக வூட்டுக்காரி மொட்ட போட்டுக்கிறா. எங்கியாச்சும் உண்டா இது?"

மொட்டை போடுகிற கொட்டகை வாசலில் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் குடுக்கறேம்மா. தப்பு எம்மேல."

"நீ வேண்டிகினியா?"

"இல்ல."

"அப்ப சும்மா இரு."

உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கத்திக்காரர் தண்ணீர் தெளித்துத் தலையை நனைத்தார். அம்மாவுக்கு நரை ஒன்றுகூட இல்லாத அடர்த்தியான முடி. முதல் வழிப்பு கீழே விழுந்தபோது நைனா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பவில்லை. பார்க்கத்தான் வேண்டும் என்று வீம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றேன், அழுதுகொண்டே. எனக்குப் பின்னால் அவள் விசும்புவது கேட்டது.

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு அம்மா ஒரு படியில் உட்கார்ந்தாள். முடி இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருந்தாள், சின்னதாக. அந்தப் பெண் அம்மாவுக்கு எதிரில் வந்து நின்றாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினாள்.

"அவகிட்ட சொல்லு. எனக்கு அவ மேல கோவம் இன்னும் போவலன்னு சொல்லு. காய்ச்சல்ல கெடந்தப்ப என் கையைப் புடிச்சிகினு அம்மா அம்மான்னு அனத்தினா. இப்ப நீ யாருன்னு கேட்டுட்டா. அது இன்னும் நோவுதுன்னு சொல்லு."

சொன்னேன். நோவுது என்றதையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, ரொம்பவும் மெதுவாகப் பதில் சொன்னாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று சொன்னாள், நான் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்பது போல.

சுற்றிலும் அரோகரா சத்தம். கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கிவிடலாம். ஒரு வருஷம் அதைத்தானே செய்தேன்.

"இன்னா சொல்றா?" என்றாள் அம்மா.

"அவளுக்கும் கோவம் போவலியாம். அன்னிக்கி ஆஸ்பத்திரியிலேயே அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சந்தோசமா குடுத்திருப்பாளாம்."

ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்டேன். அம்மா அவளைப் பார்க்கவில்லை. சந்தனம் நெற்றியில் வழிய, என்னைத்தான் பார்த்தாள்.

"வேற இன்னா சொல்றா?"

"வேற ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.